கேட்க வேண்டியவருக்கு மட்டும்: ஸ்விட்ச் பெட்டியின் வரலாறும் அது தாங்கும் நம்பிக்கையும்

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, வங்கிக் கிளை என எங்கு சென்றாலும் ஏதோ ஒரு மூலையில், தூசி படிந்த இரும்பு அலமாரிக்குள், பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் தட்டையான பெட்டி ஒன்று இருக்கும். நீலமும் சாம்பல் நிறமுமான கம்பிகள் அதன் முகத்தில் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். அந்தக் கட்டடத்தில் ஒரு கணினி இன்னொரு கணினியுடன் பேசும் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் இதன் வழியாகவே செல்கிறது. இதன் பெயர் ஸ்விட்ச். இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அர்ப்பாநெட்டையும் உலகளாவிய வலையையும் பேசிவிட்டுக் கடந்துவிடுகின்றனர். ஆனால் ஒரு நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு பல நேரங்களில் இந்தப் பெட்டிக்குள்தான் நிலைக்கிறது அல்லது குலைகிறது. எனவே இதன் வரலாறு தனியே சொல்லப்பட வேண்டியது.

1. சொல்லின் பயணம்

ஆங்கிலத்தில் இச்சொல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய பிரம்பை, குதிரையை விரட்டப் பயன்படும் கொம்பைக் குறித்தது. டச்சு அல்லது பிளெமிஷ் மொழி வழியாக அது வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு அறிஞர்களின் கருத்து. பின்னர் தண்டவாளத்தில் வண்டியைத் தடம் மாற்றும் அசையும் இரும்புத் துண்டுக்கு அப்பெயர் சென்றது. அதன்பின் மின்சுற்றைத் திறந்து மூடும் பொறிக்கும், தொலைபேசி இணைப்புகளை மாற்றித் தரும் பலகைக்கும் சென்று, கடைசியில் கணினி வலையமைப்புப் பெட்டியை வந்தடைந்தது.

தமிழில் இதற்கு ஆளி, நிலைமாற்றி, சொடுக்கி எனப் பல கலைச்சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுள் 'சொடுக்கி' ஓர் அழகிய தற்செயலைத் தன்னுள் கொண்டுள்ளது. தமிழில் விரலைச் சொடுக்குகிறோம், சாட்டையையும் சொடுக்குகிறோம். பிரம்பிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் தமிழ் கண்ட சொல்லிலும் சாட்டையின் ஓசை கேட்கிறது. ஆயினும் கடைத்தெருவில் எவரும் 'எட்டு போர்ட் ஸ்விட்ச்' என்றே கேட்கின்றனர். இக்கட்டுரையும் அந்த வழக்கையே பின்பற்றுகிறது.

சொல்லின் பயணம் ஒன்றைத் தெளிவாக்குகிறது. தண்டவாளமோ தொலைபேசியோ கணினியோ, எல்லா இடத்திலும் ஸ்விட்ச் செய்யும் வேலை ஒன்றே: வருவதை எந்தத் தடத்தில் அனுப்புவது என்று முடிவு செய்தல். முடிவு செய்யும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ, அங்கே நம்பிக்கை பற்றிய கேள்வியும் இருக்கிறது.

2. ஐயத்தில் பிறந்த பொறி

தொலைபேசியின் தொடக்க காலத்தில் இணைப்புத் தருபவர் மனிதர். சந்தாதாரர் கருவியை எடுத்ததும் இணைப்பகத்தில் ஒரு சிறு அடையாளம் விழும். அங்கிருக்கும் ஊழியர் யாருடன் பேச வேண்டும் என்று கேட்டு, உரிய துளையில் கம்பியைச் செருகுவார். யார் யாருடன் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதையும் அவர் விரும்பினால் கேட்க முடியும்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவருக்கு இந்த இடையாள் மீது ஐயம் எழுந்தது. தம்மைத் தேடி வரும் அழைப்புகள் போட்டியாளரிடம் திருப்பிவிடப்படுகின்றன என்று அவர் நம்பியதாகவும், இணைப்பக ஊழியரே அந்தப் போட்டியாளரின் உறவினர் என்றும் ஒரு கதை பரவலாக வழங்குகிறது. கதையின் விவரங்கள் சொல்பவருக்கேற்ப மாறுகின்றன. மாறாதவை இரண்டு: 1891 மார்ச் மாதத்தில் தானியங்கி இணைப்பகத்துக்கான காப்புரிமை ஸ்ட்ரோஜருக்குக் கிடைத்தது, 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அத்தகைய முதல் இணைப்பகம் இயங்கத் தொடங்கியது.

அதன் அடிப்படை எளிமையானது. அழைப்பவர் தாமே அனுப்பும் மின்துடிப்புகள் இணைப்பகத்தில் உள்ள ஒரு கையை நகர்த்துகின்றன. துடிப்பின் எண்ணிக்கைக்கேற்பக் கை நகர்ந்து, உரிய தொடுமுனையில் நிற்கிறது. இடையில் கேட்பவரும் இல்லை, திருப்பிவிடுபவரும் இல்லை. இடையாளை நம்ப வேண்டிய தேவையைப் பொறி நீக்கியது. அந்தப் பொறியை யார் நம்புவது என்ற கேள்வி அப்போது எழவில்லை.

இந்தியாவில் 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் தொடங்கப்பட்டன. கல்கத்தா இணைப்பகத்தில் அப்போது இருந்த சந்தாதாரர்கள் 93 பேர். முதல் தானியங்கி இணைப்பகம் 1913-14இல் சிம்லாவில் அமைந்தது. 700 இணைப்புகள் கொண்டது. கோடைக்காலத் தலைநகரில், அரசின் உயர் அலுவலர்கள் பேசும் இடத்தில், அது முதலில் வந்தது கவனிக்கத்தக்கது. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, ஊழியர் உதவியின்றிச் சந்தாதாரர் தாமே வெளியூருக்குச் சுழற்றிப் பேசும் முறை அறிமுகமாயிற்று. 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் தொலைத்தகவல் வளர்ச்சி மையம், 128 இணைப்புகள் கொண்ட ஊரக மின்னணு இணைப்பகத்தை வடிவமைத்து, 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவியது. குளிர்சாதன வசதி இல்லாத அறையிலும், வெப்பத்திலும் தூசியிலும் இயங்கும்படி அது உருவாக்கப்பட்டது. வெளிநாட்டுப் பொறியை அப்படியே நடாமல், மண்ணுக்கேற்ப ஸ்விட்ச் செய்த முயற்சி அது.

தொலைபேசி உலகில் இவ்வாறு ஸ்விட்ச் முதிர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கணினி உலகம் வேறொரு வழியில் நடந்தது.

3. தமுக்கு அடிக்கும் கம்பி

1973 மே மாதத்தில், கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் மெட்கால்ஃப் ஒரு குறிப்பை எழுதினார். ஒரே கட்டடத்தின் கணினிகளை ஒரே கம்பியில் இணைக்கும் திட்டம் அது. ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் வானொலி அலைகளைக் கொண்டு அமைத்த அலோஹா வலையமைப்பு அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. ஒளி பயணிக்கும் ஊடகம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாளர் கற்பித்திருந்த 'ஈதர்' என்பதன் பெயரால் அதற்கு ஈதர்நெட் என்று பெயரிட்டார். அவரும் டேவிட் பாக்ஸும் அதைச் செயல்படுத்தி, 1976இல் கட்டுரையாக வெளியிட்டனர். 1983இல் அது 802.3 என்னும் தரநிலையாயிற்று.

ஈதர்நெட்டின் முதல் வடிவத்தில் ஸ்விட்ச் இல்லை. தடித்த ஒரே கம்பி கட்டடமெங்கும் ஓடும்; கணினிகள் அதில் ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். இரண்டும் நிறுத்தி, தற்செயலான சிறு இடைவெளிக்குப் பின் மீண்டும் முயலும். ஊர் முழுவதற்கும் தமுக்கு அடித்துச் செய்தி சொல்வதைப் போன்றது இம்முறை. செய்தி எவருக்கு உரியதோ அவர் எடுத்துக்கொள்வார். ஏனையோர் காதில் விழுந்தும் விழாதது போல் இருந்துவிட வேண்டும்.

அந்தக் கண்ணியத்தின் மேல்தான் வலையமைப்பு நின்றது. ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி உண்டு. அதன் முதல் பாதி பொதுவாகத் தயாரிப்பாளரைக் குறிக்கும். தன் முகவரிக்கு வராத செய்தியை அட்டை தானே விலக்கிவிடும். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று அட்டைக்குக் கட்டளையிட ஒரு நிரல் போதும். அக்காலத்தில் கடவுச்சொற்கள் மறையாக்கம் இன்றியே கம்பியில் சென்றன. 1994 பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் மையம் வெளியிட்ட எச்சரிக்கை இதைப் பற்றியதே: ஊடுருவிய ஒரு கணினியில் ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்து, அவ்வழியே செல்லும் கடவுச்சொற்களைத் திரட்டும் தாக்குதல்கள் பெருமளவில் நடந்துகொண்டிருந்தன.

தொண்ணூறுகளில் பரவிய 'ஹப்' என்னும் பெட்டி கம்பியின் வடிவத்தை மாற்றியது, இயல்பை மாற்றவில்லை. ஒரு துளையில் நுழைந்தது மற்ற எல்லாத் துளைகளிலும் வெளிவந்தது. வெளித்தோற்றத்தில் அது இன்றைய ஸ்விட்ச் போலவே இருந்தாலும், அதற்குள் முடிவெடுக்கும் அறிவு ஏதும் இல்லை.

4. கேட்டுக் கற்கும் பாலம்

முடிவெடுக்கும் அறிவு 'பிரிட்ஜ்' என்னும் பாலத்துடன் வந்தது. எண்பதுகளின் முதற்பாதியில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் மார்க் கெம்ப் இதை உருவாக்கினார். இரண்டு ஈதர்நெட் கம்பிகளுக்கு நடுவே அமரும் இப்பெட்டிக்கு யார் எங்கிருக்கிறார் என்று எவரும் சொல்லித் தருவதில்லை. அது தானே கேட்டுக் கற்கிறது.

கற்கும் முறை ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரருடையதைப் போன்றது. கடிதத்தின் பின்புறம் எழுதியிருக்கும் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, இன்னார் இந்தத் தெருவில் இருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகு அவருக்குக் கடிதம் வந்தால் நேரே அத்தெருவுக்குச் செல்கிறார். குறிப்பேட்டில் இல்லாதவருக்குக் கடிதம் வந்தால் எல்லாத் தெருக்களிலும் கேட்டுப் பார்க்கிறார். பாலம் செய்வதும் இதுவே. உள்ளே வரும் சட்டகத்தின் அனுப்புநர் முகவரியை, அது வந்த துளையுடன் சேர்த்து அட்டவணையில் பதிகிறது. பெறுநர் முகவரி அட்டவணையில் இருந்தால் உரிய துளைக்கு மட்டும் அனுப்புகிறது. இல்லையேல் வந்த துளை தவிர எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. சில நிமிடங்கள் குரல் கேட்காத முகவரியை மறந்துவிடுகிறது. தரநிலை பரிந்துரைக்கும் காலம் 300 விநாடி. இன்றைய ஸ்விட்சின் அடிப்படையும் இந்த மூன்று விதிகளே.

இம்முறையில் ஓர் இடர் இருந்தது. ஒரு பாலம் பழுதானால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு வழிகள் அமைத்தால் வலையமைப்பில் வளையம் உண்டாகும். ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஆகவே எல்லாருக்குமாக அனுப்பிய ஒரு செய்தி வளையத்தில் ஓயாமல் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, சில நொடிகளில் வலையமைப்பையே மூழ்கடிக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பணி அதே நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மனிடம் வந்தது. 1985இல் வெளியான அவருடைய ஸ்பேனிங் ட்ரீ வழிமுறையின்படி, பாலங்கள் தமக்குள் சிறு செய்திகள் பரிமாறி ஒரு தலைமைப் பாலத்தைத் தேர்ந்தெடுக்கின்றன; மிகச் சிறிய அடையாள எண் கொண்டதே தலைமை. பின்னர் அதை வேராகக் கொண்டு, வளையமற்ற கிளைகளை மட்டும் திறந்துவைத்து, மிகையான வழிகளை அடைத்துவிடுகின்றன. ஒரு கிளை அறுந்தால் அடைத்த வழி மீண்டும் திறக்கிறது. இத்தீர்வை ஒரு வாரத்துக்குள் முடித்து, மிச்ச நேரத்தில் அதைப் பற்றிக் கவிதையும் எழுதிவிட்டதாகப் பெர்ல்மன் பலமுறை கூறியிருக்கிறார். 1990இல் இது 802.1டி தரநிலையின் பகுதியாயிற்று.

5. கல்பனா

1987இல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். பரத்வாஜின் மனைவியின் பெயரான 'கல்பனா' என்பதே அதன் பெயர். தமிழில் 'கற்பனை' என்று வழங்கும் சொல்லின் வடமொழி உருவம் அது. 1990இல் அந்நிறுவனம் ஏழு துளைகள் கொண்ட ஈதர்ஸ்விட்ச் என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈதர்நெட்டுக்கு 'ஸ்விட்ச்' என்ற பெயர் நிலைத்தது இதன் பிறகே.

தொழில்நுட்ப நோக்கில் அது பல துளைகள் கொண்ட பாலம்தான். வேறுபாடு வேகத்தில் இருந்தது. அன்றைய பாலங்கள் சட்டகம் முழுவதையும் வாங்கிச் சரிபார்த்த பிறகே அனுப்பின. கல்பனாவின் பெட்டி, சட்டகத்தின் தலைப்பில் உள்ள பெறுநர் முகவரியைப் படித்தவுடனேயே, எஞ்சிய பகுதி வந்துசேரும் முன்பே, அனுப்பத் தொடங்கியது. மேலும், ஒரே நேரத்தில் பல இணைகள் தனித்தனியே பேச முடிந்தது. 1994இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கியது. ஒவ்வொரு கணினிக்கும் தனித் துளை என்ற நிலை வந்தபின், இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசும் முறையும் வந்தது. மோதல் என்ற கருத்தே காலாவதியாயிற்று.

இங்கே வரலாறு ஒரு பரிசை எதிர்பாராமல் தந்தது. வேகத்துக்காகச் செய்த மாற்றத்தால் அந்தரங்கமும் கிடைத்தது. இருவர் பேச்சு மூன்றாமவர் கம்பியில் செல்லாததால் ஒட்டுக்கேட்பது கடினமாயிற்று. ஆகவே ஸ்விட்ச் போட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்ற எண்ணம் பரவியது. அந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை.

6. சொன்னதை நம்பும் இயல்பு

ஸ்விட்சின் குறை அதன் அறிவின் தோற்றுவாயிலேயே இருக்கிறது. கடிதத்தின் பின்புறம் எழுதியதைத் தபால்காரர் நம்புகிறார். அனுப்புநர் பொய் முகவரி எழுதினால்?

அட்டவணைக்கு எல்லை உண்டு. சில ஆயிரம் முகவரிகளோ, பெரிய பெட்டியானால் இன்னும் கூடுதலோ கொள்ளும். ஒருவர் தம் கணினியிலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கில் பொய் முகவரிகளை அனுப்பினால் அட்டவணை நிரம்பிவிடுகிறது. அதன்பின் புதிய முகவரியைப் பதிய இடமில்லை. பதியாத முகவரிக்கு வருவதை எல்லாத் துளைகளுக்கும் அனுப்புவதே விதி. விலை கொடுத்து வாங்கிய ஸ்விட்ச் மீண்டும் ஹப் ஆகிவிடுகிறது. இதைச் செய்யும் 'மேக்ஆஃப்' என்னும் சிறு நிரல் தொண்ணூறுகளின் இறுதியிலேயே பொதுவெளியில் கிடைத்தது.

இரண்டாவது குறை முகவரி கேட்கும் முறையில் உள்ளது. 1982இல் டேவிட் பிளம்மர் எழுதிய ஏ.ஆர்.பி. நெறிமுறையின்படி, ஒரு கணினி "இந்த ஐ.பி. முகவரி யாருடையது?" என்று வலையமைப்பு முழுவதையும் கேட்கும், உரியவர் தம் மேக் முகவரியைச் சொல்வார். உரியவர்தான் சொன்னாரா என்று சரிபார்க்க வழியில்லை. "வாசல் நான்தான்" என்று இன்னொருவர் முந்திக்கொண்டு சொன்னால், அனைவரும் வெளியே அனுப்பும் செய்திகளை அவரிடமே கொடுப்பர். ஸ்ட்ரோஜர் அஞ்சிய இடையாள் பொறியின் வழியாகவே திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாவது குறை தலைமைத் தேர்தலில் உள்ளது. மிகச் சிறிய எண் கொண்டவரே தலைவர் என்பது விதியாயின், அந்த எண்ணைப் பொய்யாக அறிவிக்கும் எவரும் தலைவராகலாம். வலையமைப்பின் போக்குவரத்தைத் தம் வழியே திருப்பலாம்.

இவற்றை உருவாக்கியவர்களைக் குறை கூறுவது வரலாற்று நோக்கில் பிழை. ஒரே ஆய்வகத்தின் ஊழியர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், தம் கணினிகளை இணைக்க அமைத்த ஏற்பாடுகள் இவை. அங்கே பொய் சொல்லும் கணினி இருக்கக் காரணமில்லை. அந்த ஏற்பாடு ஆயிரம் பேர் வந்துபோகும் கட்டடத்துக்குப் பெயர்ந்தபோது, நெறிமுறை மாறவில்லை, சூழல்தான் மாறியது.

7. கோடு கிழித்தல்

பாதுகாப்பான வலையமைப்பு வடிவமைப்பு என்று இன்று பாடநூல்கள் சொல்வது, இந்தக் குறைகளுக்கு ஒவ்வொன்றாகக் கண்ட மாற்றுகளின் தொகுப்பே. ஒரு துளையில் இத்தனை முகவரிகளுக்கு மேல் ஏற்காதே என்று வரம்பிடுவது அட்டவணை நிரப்பும் தாக்குதலைத் தடுக்கிறது. எந்த ஐ.பி. முகவரி எந்தத் துளைக்கு வழங்கப்பட்டது என்று ஸ்விட்சே கவனித்துப் பதிந்து, அதற்கு முரணான ஏ.ஆர்.பி. பதிலைத் தள்ளுவது போலி வாசலைத் தடுக்கிறது. பயனர் கணினிக்கான துளையிலிருந்து தலைமைத் தேர்தல் செய்தி வந்தால் அத்துளையை உடனே மூடுவது மூன்றாவது குறைக்கு மருந்து. 2001இல் வந்த 802.1எக்ஸ் தரநிலை இன்னும் ஒரு படி மேலே சென்றது: கம்பியைச் செருகினால் மட்டும் போதாது, தாம் யார் என்று நிறுவிய பிறகே துளை திறக்கும்.

இவற்றினும் பெரிய கருவி வி-லேன் என்னும் மெய்நிகர் பகுப்பு. ஒரே பெட்டியின் துளைகளை, தனித்தனிப் பெட்டிகளைப் போலவே, ஒன்றையொன்று அறியாத குழுக்களாகப் பிரிக்கும் முறை இது. எண்பதுகளில் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி இக்கருத்தை வளர்த்தார். பாதுகாப்பு அன்று அவருக்கு முதன்மை நோக்கமன்று. பெருகிவரும் ஈதர்நெட்டைப் பெரிய அளவில் கட்டுவதே நோக்கம். 1998இல் 802.1க்யூ தரநிலை வெளிவந்தது. சட்டகத்துக்குள் 4 பைட் அளவுள்ள ஒரு குறிச்சீட்டு செருகப்படுகிறது. அதில் 12 பிட் பகுப்பு எண்ணுக்கு உரியவை. 4,096 எண்களில் இரண்டு ஒதுக்கப்பட்டவை போக, 4,094 பகுப்புகள் இயலும்.

ஒரு மருத்துவமனையில் வரவேற்பறைக் கணினிகள் ஒரு பகுப்பு, ஆய்வகக் கருவிகள் ஒரு பகுப்பு, நோயாளர் பதிவேட்டுச் சேவையகங்கள் ஒரு பகுப்பு, கண்காணிப்புக் கேமராக்கள் ஒரு பகுப்பு, வருகையாளர் வைஃபை ஒரு பகுப்பு என்று வகுக்கலாம். ஒரு பகுப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல வேண்டியவை வழிச்செலுத்தி அல்லது தீச்சுவர் என்னும் வாசலைக் கடந்தே ஆக வேண்டும். எது போகலாம், எது போகக் கூடாது என்ற விதி அந்த வாசலில் எழுதப்படுகிறது. மதகுகள் உள்ள வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் அந்த வயலோடு நீர் நிற்பதைப் போல, ஒரு பகுப்பில் புகுந்த தீங்கு அங்கேயே நிற்கும் வாய்ப்பு உண்டாகிறது.

'வாய்ப்பு' என்ற சொல் இங்கே முக்கியம். பகுப்புகளை வகுத்துவிட்டு, வாசலில் 'எல்லாம் எல்லாவற்றுக்கும் செல்லலாம்' என்று எழுதிவைத்தால், அது கதவில்லாத சுவர். ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் துளைகளை இயல்பு அமைப்பிலேயே விட்டுவிட்டால், சட்டகத்தில் இரண்டு குறிச்சீட்டுகளை ஒட்டி ஒரு பகுப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் உத்தியும் உண்டு. முதல் ஸ்விட்ச் மேலுள்ள சீட்டைக் கழற்றும்; அடுத்தது உள்ளிருக்கும் சீட்டைப் படித்து ஏமாறும். ஆகவே கோடு கிழிப்பது தொடக்கம் மட்டுமே. கோட்டைக் காப்பதும் அதே அளவு வேலை.

8. இரண்டு இந்திய நிகழ்வுகள்

2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் கணினி அமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்றும், செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் அமைப்பு இதைத் தெரிவித்தது என்றும் அது ஒப்புக்கொண்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை முன்வைத்து நாடு முழுவதும் அச்சம் எழுந்திருந்த வேளை அது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அது முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது என்றும், நிலையத்தின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அறிக்கை கூறியது. அதற்கு முந்தைய நாள் இத்தகைய தாக்குதலே நடக்கவில்லை என்னும் பொருளில் மறுப்பு வெளியாகியிருந்தது என்பதையும் வரலாறு மறக்கலாகாது. ஆயினும் அறிக்கையின் மையச் சொல் ஒன்றே: பிரிப்பு.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் முடங்கின. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளர்கள் வந்து வரிசையில் நிற்கும் இடம் அது. புறநோயாளர் பதிவு, உள்நோயாளர் சேர்க்கை, ஆய்வக மாதிரிகள், அறிக்கைகள் யாவும் பல நாட்கள் தாளும் பேனாவுமாக நடந்தன. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலின்படி, ஐந்து சேவையகங்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு தாக்கியவர்களால் மறையாக்கம் செய்யப்பட்டது. முதற்கட்ட ஆய்வின்படி காரணம் என்ன என்பதையும் அப்பதில் கூறியது: வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமை.

இரண்டு நிகழ்வுகளும் அளவிலும் தன்மையிலும் வேறானவை. ஒன்றை வைத்து மற்றொன்றை அளப்பது முறையாகாது. ஆனால் இரண்டு அரசு ஆவணங்களும், ஒன்று தற்காப்பாகவும் மற்றொன்று விளக்கமாகவும், ஒரே சொல்லின் மேல் நிற்கின்றன. தீநிரல் எங்கேனும் நுழையும் என்பது ஏறத்தாழ உறுதி. ஒரு ஊழியர் ஒரு தவறான இணைப்பைச் சொடுக்கினால் போதும். நுழைந்தது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை முடிவு செய்வது, ஒரு மூலை அலமாரியில் உள்ள பெட்டியில் எவரோ ஒருநாள் எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட, சில வரிகள்.

9. பெட்டிக்கு வெளியே உள்ள கேள்வி

இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணும் ஒழுங்கு ஒன்று உண்டு. ஸ்ட்ரோஜரைத் தவிர ஏனையோர் எவரும் பாதுகாப்பை முதன்மையாகக் கருதித் தொடங்கவில்லை. பாலம் தொலைவுக்காக வந்தது. ஸ்விட்ச் வேகத்துக்காக வந்தது. வி-லேன் அளவுக்காக வந்தது. பாதுகாப்பு ஒவ்வொரு முறையும் பின்னிணைப்பாகவே சேர்ந்தது. அதனால்தான் இன்றும் கடையில் வாங்கிச் செருகும் சாதாரண ஸ்விட்ச் எல்லாத் துளைகளையும் ஒரே பகுப்பாக, எல்லாரையும் நம்பும் நிலையில் வைத்தே வேலையைத் தொடங்குகிறது. விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் அந்த நிலையை மாற்ற வழியே இல்லை. விலை உயர்ந்தவற்றில் வழி உண்டு. மாற்றும் பணியாளரும், அதற்கான நேரமும் எல்லா நிறுவனங்களிலும் இருப்பதில்லை.

பகுப்பு என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தோன்றினாலும், அதன் வேர் நிர்வாகக் கேள்வியில் இருக்கிறது: இந்த நிறுவனத்தில் யார் யாருடன் பேச வேண்டும்? ஊடுகதிர்க் கருவி பதிவேட்டுச் சேவையகத்துடன் பேச வேண்டும்; கேமராவுடன் பேசத் தேவையில்லை. கணக்குப் பிரிவு வங்கியுடன் பேச வேண்டும். அறுவை அரங்கின் கருவிகளுடன் பேசத் தேவையில்லை. இப்பட்டியலை ஸ்விட்ச் எழுதித் தராது. விற்பனையாளராலும் எழுதித் தர இயலாது. அந்த வேலைகளைச் செய்யும் மருத்துவர், செவிலியர், எழுத்தர் ஆகியோரைக் கேட்டே எழுத முடியும். பட்டியல் தாளில் இருந்தால், அதைப் பெட்டியில் எழுத ஒரு தேர்ந்த பொறியாளர் போதும். பட்டியல் இல்லாத இடத்தில் எத்தனை உயர்ந்த பெட்டி வாங்கினாலும் அது தமுக்கு அடித்துக்கொண்டேதான் இருக்கும்.